அரைப்பேர்

கண்டி
27 ஜனவரி 2025

லோஜினிக்கு,

என் நம்பரை நீ போனில் தடுத்துவிட்டதை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். "அண்ணனுக்குப் பேசணும்னா எழுதச் சொல்லுங்க, போன்ல அது வாயை நிப்பாட்ட ஏலாது" என்றும் சொன்னாயாம். சரி, எழுதுகிறேன். தபால் கந்தோரில் முத்திரை கேட்டபோது அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காதல் கடிதம் என்று நினைத்திருப்பாள். கோபித்துக்கொண்ட தங்கச்சிக்கு என்று சொன்னால் நம்பவா போகிறாள்?

பொங்கலன்று நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வலைப்பந்து தேசியக் குழாமில் இருப்பவர்களை மதிப்பிட்டுத் தரும்படி தெரிவுக் குழு எங்கள் கம்பனியைக் கேட்டது. எங்கள் முதலாளி சாஹுல் ஹமீது சேர் அந்த வேலையை என்னிடம் தந்தார். குழாமில் என் தங்கச்சி இருக்கிறாள் என்று அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அவர் பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டுத் தந்தார். ஆனால் வீடியோவைப் பார்த்து எண்ண வேண்டியவன் நான். முகத்தை எப்படி மறைப்பது? நீ எந்த எண் என்று தெரிந்துதான் எண்ணினேன். ஒரு புள்ளி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உன் எண் அடியிலிருந்து இரண்டாவதாக வந்தது. அதை அப்படியே கொடுத்தேன். சிங்கப்பூர் போட்டிக்கான முதல் பட்டியலில் நீ இல்லாமல் போனாய்.

நான் செய்த கணக்கு மொடல் என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, அவ்வளவுதான். எத்தனை நிமிடம் ஆடினாய், எதிரில் நின்ற நாடு எவ்வளவு பலம் என்பவை உள்ளே போகும். எத்தனை முறை பந்தைத் தட்டினாய், பறித்தாய், எத்தனை முறை பிழை விட்டாய் என்பவை வெளியே வரும். வெளிநாடுகளில் அணிகளை மதிப்பிடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். இதே எலும்புக்கூட்டை வைத்து இப்போது சரக்கு ரயில்களுக்குக் கணக்குப் போடுகிறேன். கொழும்பிலிருந்து பேராதனைக்கு ஏறும் கூட்ஸ்களில் எது தேறும், எதை நிறுத்திவிட்டு லொறிக்குக் கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். குறைத்துப் புள்ளி போட்டதற்காக எந்த ரயிலும் என்னோடு பேசாமல் இருந்ததில்லை.

ஜூன் கடைசியில் இன்னொரு தெரிவு இருக்கிறது, அதற்குப் போகப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வயதில் பயிற்றுநர் பரீட்சைக்குப் படிப்பதும் கேவலம் இல்லை. வேண்டுமென்றால் புத்தகம் வாங்கி அனுப்புகிறேன்.

உன் நன்மைக்காகத் திட்டு வாங்கும்
அண்ணன் சுரேஸ்


தெல்தோட்டை
5 பெப்ரவரி 2025

கணக்கப்பிள்ளை அண்ணனுக்கு,

நீ என்னை வெட்டியதற்காக நான் கோபிக்கவில்லை. தெரிவுக் குழு என்னை முன்பும் வெட்டியிருக்கிறது. அன்று பொங்கல் பானை இறக்கி எல்லாரும் வாசலில் நின்றபோது, கையில் கரும்போடு, "தங்கச்சின்னு பாக்கல, வெட்டிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாயே, அதற்குத்தான் கோபம். அழகையா மாமா, "நேர்மைன்னா நம்ம சுரேஸ்தான்" என்று உன் முதுகில் தட்டினார். தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து சொல்லிக் கொடுப்பவள் நான். என் பேரை வெட்டித்தான் உன் பேர் வளர வேண்டுமா?

இன்னொன்று கேள். போன வாரம் அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்தது. கண்டிக்குப் போய்ச் சப்பாத்து மாட்டியதும் அந்தச் சொல் உனக்கு மறந்திருக்கும். நாளுக்கு இத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து என்று வைத்திருக்கிறார்களே, அது வராவிட்டால் நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கும் பாதி நாள் பேர்தான், பாதிச் சம்பளம்தான். அம்மாவின் கை ஓயவில்லை. கவ்வாத்து வெட்டிச் செடியைக் குட்டையாக்க வேண்டிய கிழட்டு மலையில் அவளுக்குக் கொழுந்து பறிக்க நிரை கொடுத்திருந்தார்கள். அங்கே கொழுந்தே இல்லை. தராசு பொய் சொல்லவில்லை அண்ணே. ஆனால் அம்மாவை எந்த மலைக்கு அனுப்பினார்கள் என்று தராசுக்குத் தெரியாது.

உன் மொடலும் ஒரு தராசு. நீ எனக்கு அரைப்பேர் போட்டிருக்கிறாய்.

ஜூனில் நான் போவேன். காலையில் பள்ளிக்கூட மணிக்கு முன் மேட்டுப் பாதையில் ஓடுகிறேன். பின்னேரம் இன்ஷிராவோடு பந்து பழகுகிறேன். அவள் உன் பட்டியலில் முதலாவதாக வந்த கோல் கீப்பர், அவளுக்கு முழுப்பேர். பரீட்சைப் புத்தகம் அனுப்பாதே. அனுப்பினால் அடுப்பு பற்றவைக்க உதவும்.

லோஜினி


கண்டி
14 பெப்ரவரி 2025

தங்கச்சிக்கு,

கரும்பு விஷயத்தில் நீ சொன்னது சரி. அதைப் பற்றி நான் மேற்கொண்டு எழுதப் போவதில்லை, எழுதினால் சமாளிப்பாகத்தான் வரும்.

ஆனால் தராசு விஷயத்தை விடமாட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பட்டியலில் பெயர் வராத ஒவ்வொருவரும் கணக்குப் பிழை என்றுதான் சொல்கிறார்கள். எண்ணாத ஏதோ ஒன்று இருக்கிறது என்கிறாய். என்ன அது? பெயர் சொல். கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், உனக்கு மட்டும் பொருந்தாமல் எல்லாருக்கும் பொருந்த வேண்டும். "நான் நல்லா ஆடினேன்" என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அம்மாவின் மலை வேறு விஷயம். அதை இதோடு போட்டுக் குழப்பாதே. தோட்டத்துக் கணக்கு என் கையில் இல்லை. அங்கே நான் என்ன செய்ய முடியும்?

இங்கே ரயில் வேலை முடிகிற நிலை. மலையேறும் கூட்ஸ்களில் இரண்டு மிக மோசமான புள்ளி வாங்கியிருக்கின்றன. எஞ்சினும் ஆட்களும் நாள் முழுக்கச் செலவாகிறார்கள், சரக்கு போய்ச் சேர்வதோ எப்போதும் பிந்தி. நிறுத்தலாம் என்று அறிக்கை எழுதி சேரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீங்க இந்த ரயில்ல ஒரு நாளாவது ஏறி ஈக்கிறீங்களா?" என்று கேட்டார். கூட்ஸில் யார் ஏறுவார்கள் என்றேன். "ஏறிட்டு வாங்க, அதுக்குப் பொறகு நான் ஒப்பம் வெக்கிறன்" என்று அறிக்கையை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எண்களை நம்பாத மனிதர் எதற்கு இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று தெரியவில்லை. ஏறிப் போக அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன்.

நீயும் அவரும் ஒரு கட்சி போலிருக்கிறது.

சுரேஸ்


தெல்தோட்டை
9 மார்ச் 2025

அண்ணனுக்கு,

கூடம் கோணல் என்று சொன்னாய். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தை வந்து பார். பந்தை நடுவில் வைத்தால் தானாகத் தேயிலைக்குள் உருண்டு போகும். கூடம் கோணலாக இருப்பதும் உண்டு அண்ணே. அதில்தான் நான் ஆடக் கற்றேன்.

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். நானாகச் சொன்னால் நம்பமாட்டாய் என்று இன்ஷிரா வீட்டில் உட்கார்ந்து பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தோம். நோன்பு திறந்த பிறகு அவள் உம்மா கொத்துமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முதலில் எனக்கே வெட்கமாக இருந்தது. பந்து என் பக்கம் வருவதே இல்லை. நான் சும்மா நிற்கிறவள் போலத்தான் தெரிந்தேன். நீ எண்ணியது சரிதானோ என்று நினைத்து வீடியோவை நிறுத்தப் போனேன்.

இன்ஷிராதான் கையைத் தட்டிவிட்டாள். "எனக்கிட்ட வாற பந்தப் பாரு. அது எங்கிருந்து வருது? நீ அவள மறிச்சிக்கிட்டு நிண்டா அவங்களுக்கு வேற வழி இல்ல, மேலால எறியிறாங்க, நான் எடுக்கிறன். நான் எடுத்ததெல்லாம் நீ தொரத்தி விட்டது" என்றாள்.

பிறகு அதை மட்டும் பார்த்தோம். எதிரணிக்காரி பந்தை எடுத்துக்கொண்டு முதலில் என் பக்கம் பார்க்கிறாள். நான் என் ஆளுக்கு முன்னால் நிற்கிறேன். அவள் எறிய நினைத்து நிறுத்துகிறாள், திரும்புகிறாள், தூரத்தில் நிற்கிற ஷூட்டருக்கு உயரமாக வீசுகிறாள். இன்ஷிரா பறிக்கிறாள். உன் கணக்கில் இன்ஷிராவுக்கு ஒன்று. எனக்கு ஒன்றும் இல்லை. நான் வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டங்களில் பந்து நேராக உள்ளே போகிறது, இன்ஷிராவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் கோல் டிஃபென்ஸ், பந்து வராமல் பார்ப்பதுதான் என் வேலை. வராத பந்தை நீ எப்படி எண்ணுவாய்? எனக்குத் தெரியாது. அது உன் படிப்பு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்காக இரக்கப்பட்டு ஒரு புள்ளி கூட்டினாலும் நான் அந்தச் சீருடையைத் தொடமாட்டேன்.

லோஜினி


கண்டி
30 மார்ச் 2025

லோஜினி,

உன் கடிதத்தை வாசித்து, "கெட்டிக்காரத்தனமான சாட்டு" என்று சொல்லி மடித்து வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன். அதன் பிறகுதான் கூட்ஸில் ஏறினேன்.

றம்புக்கனையில் ஏறினேன். அங்கிருந்து ஒற்றைத் தண்டவாளம், கடுகண்ணாவ வரை ஏற்றம். பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டித் தள்ளுகிறார்கள். பெட்டிகளில் கடைசி கார்ட் பெட்டி, அதில் நானும் கார்ட் நடராஜா அண்ணையும். அவர் யாழ்ப்பாணத்து ஆள், வாய் ஓயாது. எனக்கே பேச இடம் கிடைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

பலன நிலையத்தில் எங்களைப் பக்கத் தண்டவாளத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். எதற்கு என்றேன். பயணிகள் கோச்சி வருகிறது, இடம் கொடுக்க வேண்டும் என்றார். அந்தக் கோச்சி பிந்தி வந்தது. அது போனதும் நாங்கள் கிளம்பலாம் என்று நினைத்தேன். மேலேயிருந்து இன்னொன்று இறங்கி வருகிறதாம், அதுவும் பிந்தி, அதற்கும் இடம். வெயில் தகரத்தில் இறங்கியது. எனக்குப் பசி. அண்ணை தன் சோற்றுப் பார்சலைப் பாதி பிரித்துத் தந்தார். இந்த ரயிலை நிறுத்தலாமா என்று ஆராயத்தான் வந்தேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எதிர்த்துச் சண்டை பிடிப்பார் என்று நினைத்தால், "நிப்பாட்டுங்கோ தம்பி, எனக்கும் ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்த ரயில் மேல் ஒரு பாசமும் இல்லை.

அவர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே இறங்கி வந்த கோச்சியைப் பார்த்தேன். ஜன்னலெல்லாம் தலைகள். இடையில் நிற்காமல் போனதால் பிந்தியதில் கொஞ்சத்தை அது பிடித்திருக்கும். என் மொடலில் அதற்கு நல்ல புள்ளி. அதற்கு வழிவிட்டு வெயிலில் காய்ந்த எங்கள் கூட்ஸுக்கு "தாமதம்". பிந்தி வந்தது அது, புள்ளி இழந்தது இது. இப்படி இடம் கொடுக்கிற ரயில்தான் எப்போதும் அடியில் இருக்கும், எத்தனை வருடக் கணக்கைப் போட்டாலும்.

பார்சலைக் கீழே வைத்தேன். உன்னை நினைத்தேன்.

யார் தொட்டது, யார் பிந்தியது என்று மட்டும் எண்ணினேன். யாரால் என்று எண்ணவே இல்லை. இரண்டு கணக்கிலும் அதே பிழை, ஏனென்றால் இரண்டும் அதே எலும்புக்கூடு. வராத பந்தை எண்ண வழி இருக்கிறது. நீ உள்ளே நிற்கும்போது எதிரணி பத்து முறை ஏறி வந்தால் எத்தனை முறை கோல் போடுகிறது, நீ வெளியே இருக்கும்போது எத்தனை முறை? எல்லாருக்கும் அப்படியே. கடினமே இல்லை. நான் அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

போட்டுப் பார்த்தேன். உன் இடம் எங்கே வந்தது என்று எழுதமாட்டேன். நீயாக ஊகித்துக்கொள்.

பெருநாள் லீவு முடிந்ததும் சேரிடம் போய் இரண்டையும் சொல்லப் போகிறேன். தெரிவுக் குழுவுக்கும் என் கையெழுத்தோடு எழுதப் போகிறேன்: இந்த மொடலில் பிழை இருக்கிறது, செய்தவன் நான், இதனால் புள்ளி இழந்தவர்களில் ஒருத்தி என் சொந்தத் தங்கச்சி. கடைசி வரியை எழுதினால் முதல் வரியை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரியும். எழுதாவிட்டால் அது களவு.

அண்ணன்


தெல்தோட்டை
20 ஏப்ரல் 2025

அண்ணே,

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலாது. புதுவருடத்துக்கு முன் குழாம் பயிற்சிக்குக் கொழும்பு போனேன். உடை மாற்றும் அறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. "அண்ணா கணக்கை மாத்தித் தங்கச்சியைத் தூக்கப் பார்க்கிறார்" என்று சிங்களத்தில் ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. முதலில் வெட்டிப் பேர் வாங்கினாய், இப்போது ஒட்டிப் பேர் கெடுத்தாய். ஒரு சொல் என்னிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கக் கூடாதா?

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன்.

குழுவுக்கு நீ எழுதியது சரி. கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதுதான் பிழை. கூட்ஸில் வெயிலில் இருந்தாய் என்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடராஜா அண்ணை சோறு தந்தார் என்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "புள்ள நல்லா சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று அந்த அறையில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வெளியே போய் எல்லாருக்கும் முன் ஓடத் தொடங்கினேன். ஜூனிலும் அப்படித்தான் செய்வேன். நீ மைதானப் பக்கம் வராதே.

லோஜினி


கண்டி
18 மே 2025

தங்கச்சிக்கு,

குழுவின் பதில் வந்துவிட்டது. எங்கள் கம்பனிக்கு நன்றியாம். இனி எங்கள் சேவை தேவையில்லையாம். ஆனால் ஜூன் தெரிவுக்குப் புதிதாக எதையும் செய்ய நேரம் இல்லாததால் பழைய கட்டங்களை வைத்தே வேறொருவர் எண்ணுவாராம். தெரிவாளர்கள் கண்ணாலும் பார்ப்பார்களாம். பிழையான மொடலை வைத்துக்கொண்டு, பிழையைச் சொன்னவனை வெளியே விட்டிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

என்னால் சேர் ஒரு பெரிய வேலையை இழந்தார். போய் முன்னால் நின்றேன். "உக்காருங்க தம்பி" என்று கதிரையைக் காட்டினார். ரயில் அறிக்கையை எடுத்து என்னிடம் தந்து, "இதையாவது சரியாச் செஞ்சி குடுங்க" என்றார். இடம் கொடுத்து நின்ற நேரத்தை எந்த ரயிலுக்காக நின்றதோ அதன் கணக்கில் போட்டு முழுவதையும் திருப்பிச் செய்தேன். இரண்டு கூட்ஸில் ஒன்று தலை நிமிர்ந்துவிட்டது. மற்றது உண்மையாகவே மோசம்தான், அதையும் எழுதினேன். சேர் ஒப்பம் வைத்தார். நடராஜா அண்ணையின் ரயில்தான் தேறியது. இனி என்னைக் கண்டால் சோறு தரமாட்டார்.

இப்போது உன் விஷயம். இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பழைய பூட்டைச் செய்தவன் நான், திறப்பும் என்னிடம்தான் இருக்கிறது. ஜூனில் உன் ஆளை விட்டுவிடு. பந்தைத் துரத்து. விரல் நுனி பட்டாலும் ஒன்று எண்ணுவார்கள். பின்னால் கோல் விழுந்தால் அது இன்ஷிராவின் கணக்கில்தான் போகும். இதில் களவு இல்லை, எந்தக் கட்டங்களை எண்ணுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அணிக்குள் போன பிறகு உன் ஆட்டத்தை ஆடிக்கொள்ளலாம்.

இந்த முறை தங்கச்சி என்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

சுரேஸ்


தெல்தோட்டை
1 ஜூலை 2025

அண்ணனுக்கு,

உன் திறப்பை எடுத்துக்கொண்டுதான் போனேன். பொய் சொல்லமாட்டேன். குழாமை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார்கள், நான்கில் முதல் காலாட்டத்தில் அதைப் போட்டும் பார்த்தேன்.

என் ஆளை விட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் ஓடினேன். விரல் பட்டது. திரும்பவும் பட்டது. ஓரத்தில் எண்ணுகிறவர் ஒவ்வொரு முறையும் என் எண்ணைச் சொன்னது காதுக்கு இனிப்பாக இருந்தது. பின்னால் கோல் விழுந்துகொண்டே இருந்தது. இன்ஷிரா தனியாக இரண்டு பேருக்கு நடுவில் நின்று திணறினாள். இடைவேளையில் என் பக்கத்தில் வந்து, தண்ணீர்ப் போத்தலைக்கூடத் திறக்காமல், "நீ எங்க போற? நான் என்ன செஞ்சன் உனக்கு?" என்று கேட்டாள். நீ எழுதினாயே, கோல் விழுந்தால் இன்ஷிராவின் கணக்கில் போகும் என்று. அது போய்க்கொண்டிருந்தது. எனக்கு முழுப்பேர் வாங்க அவளுக்கு அரைப்பேர் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது காலாட்டத்தில் என் ஆளுக்கு முன்னால் போய் நின்றேன். அதன் பிறகு நான் அசையவில்லை. எண்ணுகிறவர் என் எண்ணைச் சொல்வதை நிறுத்திவிட்டார். பந்து என் பக்கம் வரப் பார்த்தது, திரும்பியது. இன்ஷிரா பறித்தாள். திரும்பவும் பறித்தாள். வெளியில் இருந்தவர்கள் அவளுக்குக் கை தட்டினார்கள். நானும் மனதுக்குள் தட்டினேன்.

பாதி ஆட்டம் முடிந்ததும் பெரிய தெரிவாளர் மிஸ் எழுந்து வந்தார். காரணம் சொல்லாமல், சட்டைக்கு மேல் மாட்டியிருந்த என் அணிப் பிப்பைக் கழற்றச் சொல்லி எதிரணி பிப்பைத் தந்தார். எதிரணியின் கோல் டிஃபென்ஸை என் இடத்துக்கு அனுப்பினார். இப்போது இன்ஷிரா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இன்ஷிராவுக்குப் பின்னால் கோல் விழத் தொடங்கியது. எங்கள் பக்கம் வந்த பந்தெல்லாம் எங்கள் கோல் கீப்பர் கையில். அவள் முன்பின் என்னோடு ஆடாதவள். மிஸ் ஆட்டத்தை நிறுத்தி, எதிரில் பந்து எறிகிற பெண்ணைக் கூப்பிட்டு, நான் மறித்து நின்ற கோல் அட்டாக்குக்கு ஏன் கொடுக்கவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். அவள்தான் ஏப்ரலில் உடை மாற்றும் அறையில் உன்னைப் பற்றிப் பேசியவள். என்னைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸிடம், இவள் இடம் கொடுக்கிறாள் இல்லையே, எப்படிக் கொடுப்பது என்றாள்.

மிஸ் ஓரத்துக்கு நடந்தார். போய் எண்ணுகிறவரின் தாளை வாங்கிப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

சாயந்தரம் பெயர்களை வாசித்தார்கள். இன்ஷிராவின் பெயர் முதலில் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக வாசித்தார்கள், என் பெயர் இல்லை. நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டாவதாக வாசித்தார்கள் அண்ணே. கடைசிப் பேர்தான். ஆனால் முழுப்பேர்.

தெல்தோட்டைக்கு வந்து சேர்ந்து லயத்துக்கு ஏறும்போது அம்மா மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கறை பிடித்த கையால் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் கேட்டேன், இன்றைக்கு எப்படி என்று. அரைப்பேர். அதே கிழட்டு மலை. அவளோடு போகிற ஆறேழு பேருக்கும் அப்படித்தான். எதிர்த்துப் பேசுகிறவர்களுக்குத்தான் அந்த மலை என்று எல்லாருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆள் இல்லை.

அம்மாவின் மலை வேறு விஷயம் என்று பெப்ரவரியில் எழுதினாய். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. ரயில் ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள வெயிலில் காய்ந்தாய். பந்து ஏன் வரவில்லை என்று கேட்டு வேலையைப் பணயம் வைத்தாய். அம்மாவின் கூடை ஏன் நிறையவில்லை என்று நீ இன்னும் கேட்கவில்லை.

யாரை எந்த மலைக்கு அனுப்பினார்கள், எந்த மலையில் எவ்வளவு கொழுந்து வந்தது, நல்ல மலைக்குப் போன நாளில் அதே கை எவ்வளவு எடுத்தது என்று அந்தப் பெண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். நீ எழுதிய மொடலே போதும், பெயரை மட்டும் மாற்று. தொழிற்சங்கத் தலைவரிடம் நான் பேசிவிட்டேன். தோட்டத் துரையிடம் போகும்போது கையில் ஒழுங்கான கணக்கு இருந்தால் தானே முன்னால் வருவேன் என்கிறார். நீ இந்தத் தோட்டத்தில் பிறந்தவன், உனக்கு அனுமதி கேட்டு யாருக்கும் எழுதத் தேவையில்லை.

போன் தடையை எடுக்கமாட்டேன். எழுதும்போதுதான் நீ கொஞ்சம் யோசிக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வா. பழைய சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா. அந்த மலைக்கு உன்னை நான் ஏற்றிப் போகிறேன்.

லோஜினி